கூட்டம் எங்கே நடக்கிறது?

குடியை விடுவதற்காகக் குடிகாரர்களே நடத்தும் கூட்டம் ஒரு மதுக்கடையில்தான் பிறந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம், 1840 ஏப்ரல் மாதம். சேஸ் என்பவரின் கடையில் மாலைதோறும் கூடிக் குடிக்கும் ஆறு பேர் இருந்தார்கள். ஒருவர் தையல்காரர், ஒருவர் தச்சர், இருவர் கொல்லர்கள், இன்னொருவர் வண்டி செய்பவர், மற்றவர் வெள்ளிப் பாத்திர வேலைக்காரர். ஊரில் மது எதிர்ப்புப் பிரசங்கம் நடப்பதாகக் கேள்விப்பட்டு, அப்படி என்னதான் பேசுகிறார்கள் பார்த்து வாருங்கள் என்று தங்களில் சிலரை அனுப்பிவைத்தார்கள். போனவர்கள் திரும்பி வந்து கேட்டதைச் சொன்னதும் மேசையில் வாக்குவாதம் மூண்டது. பிரசங்கிகள் எல்லாருமே வேடதாரிகள் என்று கடைக்காரர் திட்டினார். ஆனால் அடுத்த சில நாட்களிலேயே ஆறு பேரும் இனிக் குடிப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் பெயரால் தங்களுக்கு ஒரு சங்கப் பெயரும் சூட்டிக்கொண்டார்கள். அதன் பிறகும் கொஞ்ச காலம் அதே கடையில்தான் கூடினார்கள். நல்ல வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் குறைவதைப் பார்த்துக் கடைக்காரரின் மனைவி எதிர்ப்புத் தெரிவிக்கவே, கூட்டம் வேறிடம் தேடிப் போயிற்று.

இந்த வாஷிங்டனியர் இயக்கத்துக்கு முன்பே மதுவுக்கு எதிரான சங்கங்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நிறையவே இருந்தன. அவற்றில் பேசியவர்கள் பெரும்பாலும் போதகர்களும் ஊர்ப் பெரியவர்களும். நல்லவர்கள் கெட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்களுடைய நோக்கம். ஏற்கெனவே குடியில் விழுந்தவனைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பால்டிமோர் ஆட்கள் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். விழுந்தவனே எழுந்து நின்று தன் கதையைச் சொன்னான். எதிரே இருந்தவன் அதில் தன் கதையைக் கேட்டான். ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்துக்கு இன்னொரு குடிகாரரை அழைத்துவர வேண்டும் என்று முறை வைத்தார்கள். முதலாண்டு நிறைவில் பால்டிமோர் வீதிகளில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். 1842 பிப்ரவரி 22 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு கிளையில் ஓர் இளம் வழக்கறிஞர் சிறப்புரை ஆற்றினார். குடிகாரனைத் திட்டித் திருத்த முடியாது, நண்பனாய் அணுகியே திருத்த முடியும் என்பது அவர் பேச்சின் சாரம். அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன்.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த இயக்கம் ஏறக்குறைய மறைந்தே போனது. மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா, எந்தக் கட்சியை ஆதரிப்பது என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். மேடையில் புகழ்பெற்ற பேச்சாளர்கள் மறுபடி குடித்துவிட்ட செய்தி பத்திரிகைகளில் வந்தபோது இயக்கமே அவமானப்பட்டது. ஏறத்தாழ 100 ஆண்டுகள் கழித்து இன்னொரு கூட்டம் இந்த வீழ்ச்சியைக் கவனமாகப் படித்துத் தன் விதிகளை வகுத்துக்கொள்ளப் போகிறது. அதற்கு முன் கதை நம் திருநெல்வேலிப் பக்கம் வந்து போகிறது.

பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஃபிராங்க் புக்மன் ஒரு லூத்தரன் போதகர். 1915-16இல் ஷெர்வுட் எடி என்ற பிரசங்கியுடன் இந்தியா வந்தார். எடி தமிழகத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்து தமிழ் கற்றவர். அந்தப் பயணத்தில் புக்மன் காந்தியைச் சந்தித்தார். டோனாவூரில் குழந்தைகளுக்கான இல்லம் நடத்திவந்த ஏமி கார்மைக்கேலின் நட்பும் அவருக்குக் கிடைத்தது. ஒரு கூட்டத்தில் அறுபதாயிரம் பேர் வரை திரண்டார்கள். அத்தனை பெரிய திரளைப் பார்த்த புக்மனுக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. கூட்டம் பெருகப் பெருக மனிதன் தொலைந்துபோகிறான், ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசினால்தான் உள்ளே ஏதாவது மாறும் என்ற முடிவுக்கு வந்தார். பிற்பாடு அவர் தொடங்கிய இயக்கம் வீட்டுக் கூடங்களில் சிறு குழுக்களாகக் கூடியது. தங்கள் குறைகளை மற்றவர்முன் ஒப்புக்கொள்வது, தீங்கு செய்தவர்களிடம் போய் ஈடுகட்டுவது, தினமும் சிறிது நேரம் மௌனமாக இருப்பது என்பவை அதன் பழக்கங்கள். 1928இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போன இந்தக் கோஷ்டியில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள் இருந்ததால் அவர்களுடைய ரயில் பெட்டியில் யாரோ ‘ஆக்ஸ்போர்டு குழு’ என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அமெரிக்கத் தொழிலதிபர் குடும்பம் ஒன்றின் வாரிசு ரோலண்ட் ஹஸார்டு. குடியை விட முடியாமல் சுவிட்சர்லாந்துக்குப் போய் மனோதத்துவ மேதை கார்ல் யுங்கிடம் சிகிச்சை பெற்றார். திரும்பி வந்து மறுபடி குடித்தார். மருத்துவத்தால் இனி ஆவது ஒன்றுமில்லை, ஆழ்ந்த ஆன்மிக அனுபவம் ஏதாவது வாய்த்தால்தான் உண்டு என்று யுங் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்த அனுபவத்தைத் தேடித்தான் ஹஸார்டு ஆக்ஸ்போர்டு குழுவுக்குப் போனார். 1934 கோடையில் வெர்மான்ட் மாநிலத்தில் எபி தாச்சர் என்ற குடிகாரரை மனநல விடுதிக்கு அனுப்பவிருந்தார்கள். ஹஸார்டும் நண்பர்களும் குறுக்கிட்டுப் பொறுப்பேற்று அவரை அழைத்துப் போனார்கள். நீதிபதியின் மகனே அந்த நண்பர்களில் ஒருவர் என்பது எபியின் அதிர்ஷ்டம்.

அந்த நவம்பரில் எபி தன் பழைய குடித்தோழரைப் பார்க்க நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் போனார். தோழரின் பெயர் பில் வில்சன். பங்குச் சந்தையில் செழித்துப் பிறகு குடியால் எல்லாவற்றையும் இழந்தவர். வந்த நண்பருக்கு ஜின்னை எடுத்து நீட்டினார். எபி வேண்டாம் என்றார். அந்த மறுப்புதான் பில்லை உலுக்கியது. டிசம்பர் 11 அன்று டவுன்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். அன்றிலிருந்து இறக்கும்வரை அவர் குடிக்கவில்லை.

வெளியே வந்ததும் ஐந்து மாதம் நியூயார்க்கிலிருந்த குடிகாரர்களைத் தேடித் தேடிப் பிரசங்கம் செய்தார். ஒருவர்கூட மாறவில்லை. உபதேசம் செய்யாதீர்கள், இந்த நோய் எவ்வளவு கொடியது என்பதை உங்கள் கதையிலிருந்தே சொல்லுங்கள் என்றார் அவருடைய மருத்துவர் வில்லியம் சில்க்வொர்த். அந்த யோசனைக்கு வேலை வந்தது ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்தில். டயர்த் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது.

ஒரு நிறுவனத்தைக் கைப்பற்றும் வாக்குப் போட்டிக்காகப் பில் அங்கே வந்திருந்தார். தோற்றுப்போனார். 1935 மே 11, சனிக்கிழமை. மேஃப்ளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் தன்னந்தனியாக நிற்கிறார்; பையில் காசும் அதிகமில்லை. ஒரு பக்கத்தில் மதுக்கூடம். உள்ளிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்கின்றன. இன்னொரு பக்கத்தில் ஊரிலுள்ள தேவாலயங்களின் பெயர்ப்பலகையும் தொலைபேசியும். ஒரு குவளை குடித்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது: அந்த ஐந்து மாதத்தில் யாரையும் திருத்த முடியாவிட்டாலும், மற்றக் குடிகாரர்களிடம் போய்ப் பேசிய காலமெல்லாம் தான் குடிக்கவில்லை. அப்படியானால் இப்போதே ஒரு குடிகாரரைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

பலகையிலிருந்த ஒரு பாதிரியாரை அழைத்தார். அவர் சில பெயர்களைக் கொடுத்தார். ஒருவர் கிடைக்கவில்லை, ஒருவருக்கு வேலை, இன்னொருவர் வெளியூர் போகவிருந்தார். இப்படிச் சுற்றிக் கடைசியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் பேச்சு சேர்ந்தது. குட்இயர் டயர் நிறுவனத்தைத் தொடங்கியவரின் மருமகள், ஆக்ஸ்போர்டு குழுவைச் சேர்ந்தவர். தன் குழுவிலிருந்த ஒரு டாக்டர் குடியை விட வழியில்லாமல் தவிப்பதை அறிந்து அவருக்காகப் பிரார்த்தித்துக்கொண்டிருந்தவர் அவர். அறியாத ஒருவர் சனிக்கிழமை மாலை போன் செய்து, நான் ஒரு குடிகாரன், இன்னொரு குடிகாரரைச் சந்திக்க வேண்டும் என்று சொன்னபோது சந்தேகப்படாமல் வீட்டுக்கு வரச் சொன்னார். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் ஆள் ஹென்ரியெட்டாதான். குடிக்காதவர் ஒருவர் சரியான நேரத்தில் கதவைத் திறந்தார்.

அடுத்த நாள் அன்னையர் தினம். மாலை ஐந்து மணிக்கு அந்த டாக்டர், பாப் ஸ்மித், ஹென்ரியெட்டாவின் வீட்டுக்கு அரைமனதோடு வந்தார். கால் மணி நேரம் மட்டும் இருப்பேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தவர். பேச்சு முடியும்போது இரவு 11 கடந்துவிட்டது. மதுவிலக்குக் காலத்திலும் மருத்துவர் என்ற முறையில் மது வாங்கிக் குடித்த அறுவைச் சிகிச்சை நிபுணர் அவர். புத்தகங்கள், பிரார்த்தனைகள், அறிவுரைகள் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஆனால் தன் நோயைத் தன் அனுபவத்திலிருந்தே பேசும் ஒருவரை அவர் அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தார். நடுவில் ஒருமுறை சறுக்கினார். அவர் கடைசியாகக் குடித்ததாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10ஐ, இவர்களால் உருவான அமைப்பின் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். சில நாட்களில் இருவரும் ஆக்ரன் மருத்துவமனையில் கட்டிலோடு கட்டிப்போடப்பட்டிருந்த ஒரு வழக்கறிஞரைப் பார்க்கப் போனார்கள். மூன்றாவது உறுப்பினர் கிடைத்தார்.

அதாவது, ஊர் புதிது, யாரையும் தெரியாது, குடிக்கவும் கூடாது, அருகில் கூட்டம் எங்கே நடக்கிறது என்று தேடிய முதல் ஆள் அந்த இயக்கத்தைத் தொடங்கியவரேதான். இந்தத் தேடல்தான் மருந்தின் முதல் வேளை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக்ரனுக்கு அருகே கிளீவ்லாந்து. அங்கிருந்து பலர் வாரம் ஒருமுறை காரில் ஆக்ரனுக்கு வந்து ஆக்ஸ்போர்டு குழுவின் கூட்டங்களில் கலந்துகொண்டார்கள். அவர்களில் கத்தோலிக்கர் நிறைய. குழுவில் எல்லார் முன்னாலும் பாவங்களை ஒப்புக்கொள்வதை அவர்களுடைய திருச்சபை ஏற்கவில்லை. அதனால் 1939 மே 11 அன்று கிளீவ்லாந்துக்காரர்கள் தனியே பிரிந்தார்கள். அப்போதுதான் அச்சாகியிருந்த ஒரு புத்தகத்தின் பெயரையே தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள்: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ. ஹோட்டல் முன்கூடத்தில் பில் போன் செய்த நாளிலிருந்து சரியாக நான்கு ஆண்டுகள். அந்த அக்டோபரில் கிளீவ்லாந்து நாளிதழ் ஒன்று தொடர் கட்டுரைகள் வெளியிட்டது, வாசகர்கள் குவிந்தார்கள். புதியவரைக் கைப்பிடித்து நடத்த ஆள் போதாமல், குடியை விட்டுச் சில வாரங்களே ஆனவர்கள் அதற்கும் புதியவர்களைக் கவனித்துக்கொண்டார்கள். ஸ்பான்சர் என்று இன்று சொல்லப்படும் வழிகாட்டி முறை இப்படி அவசரத்தில் உருவானதுதான்.

அந்தப் புத்தகத்தின் கதை தனி. 1939 ஏப்ரலில் வெளியானது, விலை மூன்றரை டாலர். பணத்துக்கு ஈடாகப் பொருள் கனமாகத் தெரிய வேண்டும் என்று தடித்த தாளில் அச்சடித்தார்கள். அதனாலேயே அதற்குப் பெரிய புத்தகம் என்று பெயர் வந்தது. பிரதிகள் மாதக்கணக்கில் விற்கவில்லை. எழுதியபோது கடவுள் பற்றிய பகுதி பெரும் சர்ச்சையானது. ஜிம் பர்வெல் என்ற நாத்திக விற்பனையாளர் விடாமல் வாதாடினார். குடியை விட அந்தப் புத்தகம் வகுத்த படிகளில் ‘அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்று இடம்பெற்ற தொடர் அந்தச் சண்டையின் விளைவு. அந்த ஒரு சொற்கூட்டம் இல்லாமல் இந்தக் கூட்டம் புத்தர் நாட்டுக்கும் முருகன் நாட்டுக்கும் பெரியார் பிறந்த நாட்டுக்கும் வந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

புத்தகத்தில் நியூயார்க்கின் ஓர் அஞ்சல் பெட்டி எண் அச்சாகியிருந்தது: சர்ச் தெரு அஞ்சலகம், பெட்டி எண் 658. எழுதுபவர்கள் அனைவருக்கும் பதில் போட அமைப்பின் செயலர் ரூத் ஹாக் உட்கார்ந்திருந்தார். பாலைவனத்தோரச் சிற்றூர் மனைவிகள், சிறைக் கைதிகள், மருத்துவர்கள் என எத்தனையோ பேர் எழுதினார்கள். பக்கத்தில் குழு இல்லை என்றால், அதே மாநிலத்திலிருந்து எழுதிய இன்னொருவரின் முகவரியைக் கொடுத்து இருவரையும் பிணைத்துவிடுவார் ரூத். 1941 மார்ச் 1 அன்று ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் ஜாக் அலெக்ஸாண்டர் எழுதிய கட்டுரை வெளிவந்ததும் கடிதங்கள் மூட்டைமூட்டையாகக் குவிந்தன. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 2,000 பேராக இருந்த உறுப்பினர்கள் முடிவில் 8,000 ஆனார்கள்.

எண்ணிக்கைக்குப் பின்னால் நின்றவர்கள் வியாபாரிகள். அன்றைய அமெரிக்காவில் ஊர் ஊராகப் போகும் ஆள் விற்பனைப் பிரதிநிதிதான். கிளீவ்லாந்தில் சாளரத் திரைகளை விற்கும் ஒரு பருத்த உருவ உறுப்பினர் தெற்கு மாநிலங்களின் பெரிய கடைகளுக்குச் சரக்கு பிடித்துக் கொடுக்கப் போவார். நியூயார்க் அலுவலகம் அவர் கையில் கடிதங்களை ஒரு கட்டாகத் தந்து அனுப்பும். பகலில் திரை விற்பது, மாலையில் கடிதம் எழுதியவரைத் தேடிப் போவது. அவர் போய்வந்த ஊர்களில் கூட்டங்கள் முளைத்தன. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கரண்டி உறைமோர் வாங்கிப் பாலைத் தோய்க்கிற மாதிரிதான் அது. கொடுத்தவர் வீட்டிலும் குறையவில்லை, வாங்கிய வீட்டிலும் தயிர் ஆயிற்று.

ஆக்ரனில் இன்னொரு புறம் மேயோ மாவட்டத்தில் பிறந்த அயர்லாந்துக் கன்னியாஸ்திரி சகோதரி இக்னேஷியா. 1939 ஆகஸ்டில் டாக்டர் பாப் கொண்டுவந்த ஒரு நோயாளியைச் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார். குடி நோய்க்கென்று யாரையும் படுக்கை கொடுத்துச் சேர்க்காத காலம் அது. கடுமையான வயிற்று அழற்சி என்று பதிவேட்டில் எழுதி, படுக்கை இல்லாததால் பூக்களை அடுக்கும் அறையில் இடம் கொடுத்தார். குணமாகி வெளியேறுகிறவர்களின் கையில் திருஇருதயப் பதக்கம் ஒன்றை வைப்பார். குடிக்கத் தோன்றினால் முதலில் இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடியுங்கள் என்பார். இதே போன்ற வழக்கத்தை அவருடைய அயர்லாந்து 100 ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தது. கார்க் நகரத்துப் பாதிரியார் தியோபால்டு மேத்யூ 1838இல் தொடங்கிய இயக்கத்தில் சபதம் எடுத்தவர்களுக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. லட்சக்கணக்கானவர்கள் வாங்கிப் போனார்கள். இன்று ஏ.ஏ. கூட்டங்களில் ஒரு மாதம், மூன்று மாதம், ஓராண்டு என்று கொடுக்கும் வட்ட நாணயங்களின் வம்சாவளியை இந்தப் பதக்கங்கள் வழியே காணலாம்.

அமெரிக்கக் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரை விட்டுவிட முடியாது. மதுவிலக்குக்காகப் பெரும் பணம் செலவிட்டவர் அவர். அந்தச் சட்டம் 1933இல் தோற்றபின், 1940 பிப்ரவரியில் இந்தக் குடிகாரர்களுக்காகத் தன் நண்பர்களுக்கு விருந்து வைத்தார். பணம் கொட்டப் போகிறது என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவர் கொடுத்தது 1,000 டாலர் மட்டுமே. பணம் இதைக் கெடுத்துவிடும் என்பதே அவர் முடிவு. அந்த ஏமாற்றம் நல்லதாகவே அமைந்தது. வாஷிங்டனியர்கள் எப்படிச் சிதைந்தார்கள் என்று 1945இல் பில் எழுதினார். 1946 முதல் வகுத்து 1950இல் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகளில் அந்தப் பாடம் தெரிகிறது. வெளியாரிடம் நன்கொடை வாங்கக் கூடாது. அரசியலிலும் பிற சர்ச்சைகளிலும் கருத்துச் சொல்லக் கூடாது. பத்திரிகையிலும் வானொலியிலும் உறுப்பினர் பெயர் வரக் கூடாது. தலைவர் என்று யாரும் இல்லை. கூட்டத்துக்குச் சேவை செய்பவர்களே உண்டு.

கப்பல்களும் ஏ.ஏ.யை ஏற்றிக்கொண்டு போயின. எண்ணெய்க் கப்பல் கேப்டன் ஒருவர் 1940களில் துறைமுகம் துறைமுகமாகக் கடிதங்கள் எழுத, கரையில் கூட்டம் கிடைக்காத மாலுமிகள் கடிதத்திலேயே ஒரு கூட்டம் நடத்தத் தொடங்கினார்கள். தனியாக வாழும் உறுப்பினர்களுக்கும் இப்படி அஞ்சல் கூட்டம் உண்டு. ஐரோப்பாவில் முதல் குழு 1946 நவம்பரில் டப்ளினில் தோன்றியது. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து விடுமுறைக்குச் சொந்த நாட்டுக்கு வந்த ஒருவரின் முயற்சி அது. நார்வேக் கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் காப்பிக் கடை நடத்திய நார்வேக்காரர் ஒருவர் ஏ.ஏ.யில் சேர்ந்து மீண்டார். ஊரில் தம்பி குடித்து அழிவதை அறிந்து கடையை விற்றுவிட்டு 1947இல் ஓஸ்லோ போனார். தம்பி காதில் வாங்கவேயில்லை. திரும்பிவிடலாம் என்று இருந்த சமயத்தில்தான் தம்பி, அந்த ஏ.ஏ. பற்றி இன்னும் கொஞ்சம் சொல் என்றார். தம்பி வேலை பார்த்தது ஒரு செய்தித்தாளில். அந்தத் தாளில் சின்னச் சின்ன விளம்பரங்கள் போட்டுத்தான் ஓஸ்லோவில் அடுத்த உறுப்பினரைத் தேடினார்கள்.

இந்த முறையைப் பார்த்து வேறு நாட்டார் நகலும் செய்தார்கள், அவரவர் கைப்பக்குவத்தோடு. ஜப்பானில் 1958 வாக்கில் கோச்சி நகரில் தன்ஷூகாய் என்ற கூட்டம் தொடங்கியது. பெயரை மறைப்பது அங்கே தேவையில்லை என்று கருதி, உறுப்பினர்கள் உண்மைப் பெயரோடு பேசினார்கள். மனைவி பக்கத்தில் அமர்ந்து தன் பக்கக் கதையைச் சொன்னார். 1964இல் ஸாக்ரெப் நகரத்து மனநல மருத்துவர் விளாதிமிர் ஹுடோலின் தன் நோயாளிகளையும் குடும்பங்களையும் வைத்துச் சங்கங்கள் தொடங்கினார். அவை எல்லை தாண்டி இத்தாலியில் வேர்விட்டன. அமெரிக்காவிலேயே போதைப்பொருளுக்கு 1953இலும் சூதாட்டத்துக்கு 1957இலும் மிகையுணவுக்கு 1960இலும் இதே படிகளை எடுத்துக்கொண்டு கூட்டங்கள் வந்தன. கணவர்கள் உள்ளே பேசும்போது சமையலறையில் காத்திருந்த மனைவிகள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தது பில்லின் மனைவி லோயிஸின் முயற்சியால் 1951இல் அல்-அனான் ஆயிற்று. குடிகாரர் வராவிட்டாலும் வீட்டார் வரலாம் என்ற கூட்டம் அது. நம் ஊருக்கு இதுதான் மிகத் தேவை என்பேன்.

இந்தியாவுக்கு ஏ.ஏ. 1957இல் வந்தது. தில்லியில் பணிபுரிய வந்த ஒரு கனடா நாட்டு அதிகாரியும், பம்பாயில் விடுபட வழி தேடிக்கொண்டிருந்த ஓர் இந்தியரும் இந்தப் பயணத்தின் முதற்புள்ளிகள். நகரத்துத் தேவாலயக் கூடங்களும் பள்ளி அறைகளும்தான் கூட்டத்துக்கு இடம் கொடுத்தன. தமிழ்நாட்டில் இதற்கு முன்பே இன்னொரு பாதை எடுத்துப் பார்த்தோம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் ஆட்சி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தது. ஆக்ரன் சந்திப்புக்கு இரண்டே ஆண்டு பிந்தியது அது. கடையை மூடுவது ஒரு வழி. கடை திறந்திருந்தாலும் குடிக்காமல் இருக்கக் கற்பது இன்னொரு வழி. இரண்டும் வேறு வேறு காரியங்கள் என்று நமக்குத் தெளிவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய, டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அறிந்த டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை குடியைக் குணப்படுத்தக்கூடிய நோயாகக் கண்டு சிகிச்சை அளித்தது. திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம்கள் நடத்தி, கிராமத்தாரையும் குடும்பத்தாரையும் கூடவே உட்கார வைத்தது.

இந்தக் கூட்டங்களால் பயன் உண்டா என்ற கேள்விக்கு வெகுநாள் திட்டமான விடை இல்லாமலிருந்தது. பெயர் இல்லாதவர்களை எண்ணிக் கணக்கெடுப்பது எளிதல்ல. 2020இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளையும் 10,000க்கும் மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ.யில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சை, குடியை முழுக்க விடுவதில் மற்ற நிறுவப்பட்ட முறைகளைவிடச் சற்று மேலானதாகவே இருந்தது. எல்லாருக்கும் பொருந்தும் என்று இதற்குப் பொருளில்லை. கடவுள் பேச்சு ஒத்துவராதவர்களுக்கு ஸ்மார்ட் ரிக்கவரி போன்ற வேறு குழுக்கள் உண்டு. பெண்களுக்கென்று தனிக் கூட்டம் வேண்டும் என்ற தேவையை ஜீன் கர்க்பாட்ரிக் 1970களிலேயே அமெரிக்காவில் சொன்னார். நம்மூரில் குடிக்கும் பெண் உதவி கேட்டால் ஆண் படும் வெட்கத்தைவிடப் பல மடங்கு சுமத்தப்படுகிறது. அவர்கள் தைரியமாக வந்து உட்காரக்கூடிய அறைகளை நாம் இன்னும் திறக்க வேண்டியிருக்கிறது.

ஏ.ஏ.யின் சொந்த மதிப்பீட்டின்படி இன்று சுமார் 180 நாடுகளில் 1,20,000க்கும் மேற்பட்ட குழுக்கள் இயங்குகின்றன; உறுப்பினர்கள் 20 லட்சத்துக்குச் சற்றுக் குறைவோ கூடவோ. பெட்டி எண் 658 இடத்தில் தொலைபேசி எண் வந்தது, தொலைபேசியின் இடத்தில் கைப்பேசிச் செயலி வந்தது. 2020இல் ஊரடங்கு வந்தபோது கூட்டங்கள் சில வாரங்களிலேயே இணையத்துக்குக் குடிபெயர்ந்தன. தேடுபவர் யாரோ, தேடப்படுபவர் யாரோ. தேடும் வேலை பில் ஆக்ரனில் செய்ததுதான்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இதற்குத் தேவையானவர் இருந்தால் இனி நான் சொல்வதைச் செய்யுங்கள். நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் மருத்துவரைப் பாருங்கள். போதை மறுவாழ்வுக்கான மத்திய அரசின் இலவச உதவி எண் 14446. உங்கள் ஊர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும், அருகிலுள்ள சிகிச்சை மையத்திலும், தேவாலய அலுவலகத்திலும் ஏ.ஏ. கூட்டம் எந்த நாளில் எங்கே என்று கேளுங்கள். திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரு வகை உண்டு. குடும்பத்தினரும் சும்மா பார்க்க விரும்புபவர்களும் திறந்த கூட்டத்துக்குப் போகலாம். கொஞ்சம் முன்னதாகவே போய் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பவரிடம் பேசுங்கள். முதல் குழு பிடிக்கவில்லை என்றால் இன்னொரு குழுவைப் பாருங்கள். ஒரே பெயர் இருந்தாலும் ஒவ்வொரு குழுவின் சுபாவமும் வேறு. பேச விருப்பமில்லையா, கேட்டுவிட்டு எழுந்து வரலாம். பதிவேடு இல்லை, சந்தா இல்லை, கட்டணம் இல்லை. நடுவில் தட்டு சுற்றிவரும். முடிந்தவர் போடுவார், முடியாதவர் போட வேண்டாம். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் மட்டுமே சேருவதற்குத் தகுதி.